நிற்க என்ற சொல்லுக்குப் பிறகு

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், கடிதம் எழுதிக் கொடுக்கிற வேலை 12 வயதில் என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். கூலி ஒரு ரொட்டியும் கொஞ்சம் சம்பலும். மழை நாள் என்றால் கூடவே ஒரு கோப்பைச் சாயத்தண்ணி.

கடிதங்களில் பாதிக்கு மேல் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போகிறவை. 1964ஆம் ஆண்டு இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. அதன்படி கோச்சி என்கிற ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் மறுபடியும் தேயிலை வேலைக்கே போனார்கள். அம்மா இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம். 1980களில் போர் வந்ததும் கப்பலும் நின்றுபோனது. மிச்சம் இருந்தது கடிதம்தான்.

லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் இருந்த பாட்டிதான் என்னை அதிகம் எழுத வைத்தவர். அவருடைய மூத்த மகள் கூடலூரில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரியே தொடங்குவேன்: "அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அதுபோல் தங்கள் நலமறிய ஆவல். நிற்க." பெற்ற மகளுக்கு என்ன "தங்கள்" என்று இப்போது சிரிப்பு வருகிறது. அதுவரைக்கும் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டு இருப்பார். "நிக்க வந்திருச்சா?" என்று கேட்பார். வந்துவிட்டது என்றதும் உரலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ஆரம்பிப்பார்.

"செவலப் பசு கன்னு போட்டிருக்கு. கெடேறிக் கன்னு. நீ பேரு வச்ச மாட்டோட பேத்தி. பீலிக்கிட்ட நின்ன கொய்யா மரத்த வெட்டிட்டாங்க. நீ விழுந்த மரம்."

ஏரோகிராமில் இடம் கொஞ்சம்தான். அதிலும் ஒருமுறை என் சொந்தச் சரக்காக, "பனி தவழும் மலைகளும் பச்சைக் கம்பளம் விரித்த தேயிலைச் செடிகளும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும், அது பாட்டியின் சட்டம். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இது யாருக்கு எழுதுனது?" என்று கேட்டார். உங்கள் மகளுக்குத்தான் என்றேன். "அவ இங்கதானடா பொறந்தா" என்றார். நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

இப்போது எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எழுதினால் என்னுடையது மாதிரியே இல்லை. எனக்கென்று ஒரு குரல் எப்படி வரும்?" அவர்களுக்கு நான் சொல்கிற வழி ஒன்றே ஒன்று. ஒரே ஒரு ஆளுக்கு எழுதிப் பாருங்கள். இதைச் சொன்னதும் பாதிப் பேர் ஏமாந்த முகத்தோடு பார்ப்பார்கள். ஊரே படிக்க வேண்டும் என்று வந்தவரிடம் ஒரு ஆளுக்கு எழுது என்றால் அப்படித்தான் இருக்கும். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில், எழுத்தில் குரல் என்றால் என்ன? பழைய லயங்களில் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மூன்று காம்பரா தள்ளி யாராவது இருமினால்கூட இன்னார் என்று தெரியும். தொலைபேசியில் "நான்தான்" என்று மட்டும் சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்திலும் அப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. ஒருவர் எந்தச் சொல்லை எடுக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், எந்த இடத்தில் மெதுவாகப் போகிறார், எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்கிற சின்னச் சின்ன முடிவுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விழும்போது, பெயர் பார்க்காமலே இது அவர் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுகிறோம். அதைத்தான் குரல் என்கிறார்கள்.

இது நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கதை சொல்லும்போது யாரும் குரலைத் தேடுவதில்லை. பேனாவைப் பிடித்ததும்தான் தொலைகிறது. ஏன் தொலைகிறது என்று பார்த்தால், பேசும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது. எழுத உட்கார்ந்ததும் அந்த இடத்துக்கு "வாசகர்கள்" வந்துவிடுகிறார்கள். வாசகர்கள் என்ற கூட்டத்துக்கு முகம் கிடையாது. அவர்களுக்கு என்ன தெரியும் என்று நமக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் விளக்குகிறோம். எதற்குக் கோபப்படுவார்கள் என்று தெரியாது, அதனால் எதையும் உறுதியாகச் சொல்லாமல் நழுவுகிறோம். கடைசியில் யாராலும் குறை சொல்ல முடியாத ஒரு தமிழுக்குள் போய் ஒளிந்துகொள்கிறோம். அந்தத் தமிழை நமக்குப் பரீட்சை சொல்லிக் கொடுத்திருக்கிறது. முன்னுரை, நடுவில் மூன்று பந்தி, முடிவுரையில் ஒரு பழமொழி. நானும் அதை எழுதித்தான் சித்தியடைந்தேன், அதனால் ரொம்பத் திட்டவும் முடியாது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி, தன் அம்மா மழையில் கொழுந்து எடுப்பதைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். முதல் பந்தி இப்படி இருந்தது:

"எழில் கொஞ்சும் மலையகத்தில் கடும் மழையையும் பொருட்படுத்தாது பெண் தொழிலாளர்களால் கொழுந்து பறிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டு வருகின்றது. நாட்டின் முதுகெலும்பாகத் திகழும் இவர்களின் வாழ்வு இருள் சூழ்ந்ததாகவே காணப்படுகின்றது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை அந்தப் பிள்ளைதான் எழுத வேண்டும் என்றும் இல்லை. அம்மா எங்கே என்று கேட்டேன். "அதான் பெண் தொழிலாளர்கள்னு எழுதியிருக்கேனே சேர்" என்றாள்.

சரி, இதையே யாழ்ப்பாணத்தில் இருக்கிற உன் கூட்டாளிக்கு எழுது என்றேன். ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமான பிள்ளை அவள். தேயிலைச் செடியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டு வந்தது இது:

"மழை பெய்தால் கொழுந்து கனக்கும். அப்படியென்றால் நிறை கூடும், சம்பளமும் கூடும் என்று நீ நினைப்பாய். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கு என்று கிலோக் கணக்கில் கழித்துவிடுவார்கள். கழித்த பிறகு அன்றைய கணக்கு நிரம்பாவிட்டால் அரைப் பேர்தான். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழுகிற பதிவு. அரைப் பேர் என்றால் முழு நாள் நனைந்ததற்குப் பாதி நாள் சம்பளம்."

கவனித்துப் பாருங்கள். கூட்டாளி என்ன தப்பாக நினைப்பாள் என்பது இவளுக்குத் தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்கினாள். "பேர்" என்ற சொல் அவளுக்குப் புரியாது என்றும் தெரியும், அதனால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நின்று விளக்கம் சொன்னாள். எழில் கொஞ்சவில்லை. முதுகெலும்பும் காணாமல் போய்விட்டது.

அப்புறம் அதையே குவைத்தில் வீட்டு வேலை செய்கிற அக்காவுக்கு எழுதச் சொன்னேன். அக்கா அதே மலையில் அதே கூடையைத் தூக்கியவள். இந்த முறை வந்தது நான்கே வரி:

"அக்கா, நேற்றும் மழை. அம்மா மலையிலிருந்து வந்து படங்கைக் கழற்றி இஸ்தோப்பில் காயப் போட்டார்கள். இன்று காலை அது காயாமலே கட்டிக்கொண்டு போனார்கள். நீ அனுப்பிய ரெயின்கோட் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது."

அரைப் பேர் கதை இதில் இல்லை, அக்காவுக்கு அது தெரியும். படங்கு என்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற தடித்த விரிப்பு என்ற விளக்கமும் இல்லை. அக்காவுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தான் காசு சேர்த்து அனுப்பிய ரெயின்கோட்டை அம்மா போடவில்லை என்பது. அது மட்டும் அந்த நாலாவது வரியில் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் கூட்டாளிக்கு எழுதியதும் நன்றாகத்தான் இருந்தது. இதைப் படித்தபோதோ எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. குவைத்தைப் பார்த்தே இராத நான் எப்படி இதைப் புரிந்துகொண்டேன் என்று யோசித்தேன். அக்கா என்ற ஆளை அந்த வரிகளே எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டன, வேறென்ன.

ஒரு ஆளுக்கு எழுதினால் மற்றவர்களுக்கு எப்படிப் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு நம் பாட்டுகளைத்தான் காட்டுவேன். தாலாட்டு ஒரே ஒரு குழந்தைக்குப் பாடுவது, அதுவும் ஒரு சொல்கூட விளங்காத குழந்தைக்கு. ஒப்பாரி ஒரே ஒரு ஆளைப் பார்த்துப் பாடுவது, அந்த ஆளுக்கோ காதே கேட்காது. ஆனால் லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர், கூட்டத்துக்கு எப்படிப் பேசுவது என்று தெரிந்தவர். அவர் எழுதி வைக்க நினைத்தது யாரோ ஒருத்தி யாரோ ஒருவனுக்கும் தன் பிள்ளைக்கும் பாடிய வரிகளை.

கதை கவிதைக்கு இது சரி, காய்ந்த விஷயங்களுக்குச் சரிவருமா என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் வாரன் பஃபெட் என்ற பெரும் முதலீட்டாளர் ஆண்டுதோறும் தன் கம்பெனியின் பங்குதாரர்களுக்குக் கணக்கு வழக்கை விளக்கிக் கடிதம் எழுதி வந்தார். எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸும் பெர்ட்டியும் எதிரே இருப்பதாக நினைத்துக்கொள்வாராம். இதை அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் படித்தவர்கள் இல்லை. அதனால் மழுப்பவும் முடியாது, துறைச் சொற்களைக் கொட்டவும் முடியாது. கணக்குப் புத்தகத்துக்கே இது உதவியிருக்கிறது என்றால் சமையல் குறிப்புக்கும் பயணக் கதைக்கும் உதவாமலா போகும்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அறிஞர் அண்ணா தன் வார ஏட்டில் "தம்பி" என்று அழைத்துக் கடிதங்கள் எழுதினார். லட்சக்கணக்கானவர்கள் தன்னைத்தான் அழைக்கிறார் என்று படித்தார்கள். அது பெரிய வித்தை. ஆனால் நான் சொல்வது அதை இல்லை. அந்தத் தம்பி ஒரு கூட்டத்துக்கு வைத்த பெயர். தொடங்குகிறவர் அதைப் பார்த்து "நண்பா", "தோழி" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுத்தான் வரும். உங்கள் ஆளின் பெயர் எழுத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. கடித வடிவமும் வேண்டாம். எழுதுகிற தாளின் தலைப்பில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, முடிந்ததும் அழித்துவிட்டால் போதும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். யாருடைய பாராட்டுக்கு ஏங்குகிறோமோ அவரை முதலில் தள்ளி வையுங்கள். தமிழ் ஆசிரியரை மனதில் வைத்து எழுதினால் மறுபடியும் பரீட்சைதான். யாரோடு மனத்தாங்கல் இருக்கிறதோ அவரும் வேண்டாம், எழுத்து வழக்காடத் தொடங்கிவிடும். உங்களைவிட நன்றாக அந்த விஷயம் தெரிந்தவரும் சரிப்படமாட்டார், ஒவ்வொரு வரியிலும் பயந்துகொண்டே இருப்பீர்கள். விஷயத்துக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறவர், ஆனால் நீங்கள் சொன்னால் கடைசி வரைக்கும் கேட்கிறவர், அலுத்தால் கொட்டாவி விட்டுக் காட்டுகிற அளவுக்கு உரிமை உள்ளவர், அப்படி ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். சித்தி மகன், பழைய பக்கத்துக் காம்பராக்காரி, கொழும்பில் அறையைப் பங்குபோட்ட கூட்டாளி. எனக்கு என் மாமா. கோச்சியில் பழம் விற்றவர். கதை இழுத்தால் "ஸ்டேசன் வந்திருச்சு" என்பார். நான் நீளமாக எழுதும்போதெல்லாம் அது காதில் விழும்.

அந்த ஆள் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வனகட்டின் அக்கா ஆலிஸ் 1958இல் இறந்துபோனார். தான் எப்போதும் அக்காவுக்காகத்தான் எழுதிவந்தேன் என்றும், அதை அவரிடம் சொன்னதே இல்லை என்றும் வனகட் பின்னாளில் எழுதினார். அக்கா போன பிறகும் சில ஆண்டுகள் அவருக்காகவே எழுதிக்கொண்டிருந்தார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி மொழி. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தனித் தலைவலி, ஏனென்றால் பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் ஒன்று. ஒரே ஆளுக்கு எழுது என்றால் உடனே "வந்தாங்க, போனாங்க" என்று முழுக்கப் பேச்சில் எழுதத் தொடங்குகிறார்கள். அப்படி எழுதலாம், ஆனால் நீளமாக எழுதினால் கண் களைக்கும். நான் சொல்லும் வழி வேறு. எழுத்து இலக்கணத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் போகிற வரிசையையும் மூச்சு விடுகிற இடத்தையும் பேச்சிலிருந்து எடுங்கள். கைத்தொலைபேசியில் அந்த ஆளுக்குச் சொல்வது போலப் பேசிப் பதிவு செய்யுங்கள், அனுப்ப வேண்டாம். திரும்பக் கேட்டு எழுதுங்கள். "மேற்கொள்ளப்படுகின்றது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது அப்போது தெரியும். யாரால் செய்யப்பட்டது என்று மறைக்கிற இந்தப் "பட்டது" கூட்டம் போனாலே பாதிக் குரல் வந்துவிடும்.

ஊர்ச் சொற்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கோச்சி, காம்பரா, பீலி, பேர், கவ்வாத்து எல்லாம் எழுதலாமா, மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா? உங்கள் ஆளுக்குப் புரிந்தால் எழுதுங்கள். புரியாது என்றால் யாழ்ப்பாணத்துக் கூட்டாளிக்குச் சொன்னது போல ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். கவ்வாத்து என்ற சொல்லைப் போட்டுவிட்டு, செடியை அரையாக வெட்டிவிடுவார்கள், அந்த மலையில் கொஞ்ச காலத்துக்குக் கொழுந்து இருக்காது என்று சொன்னால் போதும். அதற்குப் பதிலாகக் "கத்தரித்தல்" என்று எழுதினால் அது தோட்டமாக இராது, பூந்தோட்டமாகிவிடும்.

ஆபத்துகளும் உண்டு. உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பகிடிகள் நுழைந்துவிடும். அவற்றைத் திருத்தும்போது எடுத்துவிடுங்கள். அந்த ஆளை நம்பிச் சொன்ன வீட்டு ரகசியமும் வந்துவிழும், அதையும் எடுக்க வேண்டும், கூடுதல் கவனத்தோடு. இன்னொன்று, ஒரே ஆளை வாழ்நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். நடுவில் மட்டும் ஆளை மாற்றாதீர்கள். முதல் பந்தி அக்காவுக்கும் மூன்றாம் பந்தி அமைச்சருக்கும் எழுதினால் படிக்கிறவருக்குக் கழுத்து வலிக்கும்.

திருத்துவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முறை பாட்டி வைத்த சட்டம்தான். வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்த ஆள் "இது எனக்குத் தெரியுமே" என்பாரா, "யாருக்கு எழுதினாய்?" என்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் பந்தி போய்விடும். அது "நிற்க"வுக்கு முந்திய பகுதி. சூடேறுவதற்காக எழுதியது. எழுதும்போது தேவைப்படுகிறது, படிக்கிறவருக்குத் தேவையில்லை.

எழுதியதை அந்த ஆளிடம் காட்டலாமா? தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். காட்டினால் அடுத்த முறை அவரைச் சந்தோசப்படுத்த எழுதுவோம். ஆனால் மருந்துக் கடைத் தங்கச்சி நான் சொன்னதைக் கேட்கவில்லை. அந்த நான்கு வரியையும் அதன் தொடர்ச்சியையும் குவைத்துக்கு அனுப்பிவிட்டாள். அக்காவிடமிருந்து பாராட்டு வரும் என்று காத்திருந்தாள். இரண்டு நாள் கழித்துக் குரல்பதிவு ஒன்று வந்தது. எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ரெயின்கோட்டு ஏன் போடல? அளவு சின்னதா? அம்மாகிட்ட கேளு" என்று மட்டும் இருந்தது.

அவள் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அளவு சரிதானாம். கூடைக் கயிறு தலையில்தான் மாட்ட வேண்டும், ரெயின்கோட்டின் தொப்பி வழுக்கி வழுக்கிக் கயிறு நிற்க மாட்டேன் என்கிறதாம். தொப்பியை விட்டால் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்திருக்கிறார். மகள் மனம் கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. தங்கச்சி இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். கூடை நிறைய நிறையக் கயிறு நெற்றிக்கு எப்படி இறங்குகிறது என்பதற்கே ஒரு பக்கம் போயிருக்கிறது. போன கிழமை காட்டினாள். தாளின் தலைப்பில் பென்சிலால் அக்காவின் பெயர் இருந்தது.